அரிப்பு முதலில், தடிப்பு பிறகு: குழந்தைகளின் எக்சிமா

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து சொரசொரத்துப் போனால் நம் வீடுகளில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பாட்டி கரப்பான் என்பார். அத்தை உடம்புச் சூடு என்பார். பக்கத்து வீட்டார் தாய்ப்பாலில் ஏதோ சேரவில்லை என்பார். மருந்துக் கடைக்காரர் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு டியூபை எடுத்து நீட்டிவிடுவார். இத்தனை பெயர்களுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது எக்சிமா, மருத்துவர்களின் சொல்லில் அடோபிக் டெர்மடைடிஸ். வைஸ், சல்ஸ்பெர்கர் என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1933-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். அதில் வரும் 'அடோபி' என்பது விசித்திரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காரணம் பிடிபடாத காலத்தில் மருத்துவர்களே விழித்துக்கொண்டு நின்றதன் அடையாளம் அது. இன்று காரணம் பெருமளவு விளங்கிவிட்டது. அதைப் புரிந்துகொண்டால், வீட்டிலும் பள்ளியிலும் எதைச் செய்வது, எதை விடுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவராக நினைத்துக்கொள்ளலாம். செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் செராமைடு முதலிய கொழுப்புகள் காரை. எக்சிமா உள்ள குழந்தையின் சுவரில் இந்தக் காரை உதிர்ந்திருக்கிறது. அதனால் உள்ளே இருக்க வேண்டிய ஈரம் வெளியேறிவிடுகிறது. வெளியே நிற்க வேண்டிய சோப்பும் தூசியும் கிருமிகளும் உள்ளே புகுந்துவிடுகின்றன. புகுந்தவற்றைப் பகையென்று எண்ணி உடலின் எதிர்ப்பாற்றல் செல்கள் எழும்போது அவை சுரக்கும் பொருள்கள் நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன, அரிப்பு பிறக்கிறது. குழந்தை சொறிகிறது, நகம் சுவரை இன்னும் உடைக்கிறது, உடைந்த வழியே மேலும் புகுகிறது, மேலும் அரிக்கிறது. பல சமயம் தோலில் எதுவும் தெரியாதபோதே அரிப்பு தொடங்கிவிடும். சொறிந்த பிறகுதான் தடிப்பு எழும். வெறும் தோலைப் போய்க் குழந்தை ஏன் சொறிகிறது என்று வியக்கும் பெற்றோர் இந்த வரிசையை மனத்தில் கொள்ள வேண்டும்.

சுவர் ஏன் பலவீனமாகிறது என்பதற்கு 2006-இல் ஒரு பெரிய விடை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஃபிலாகிரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறை எக்சிமாவுக்கு வலுவாக இட்டுச்செல்கிறது என்று காட்டினார்கள். ஃபிலாகிரின் தோல் செல்களுக்குள் இருக்கும் புரத இழைகளை இறுக்கிப் பிணைக்கிறது. பின்னர் சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு பொருள்களாக மாறுகிறது. அது குறைந்த தோல் வறண்டுதான் இருக்கும். இந்தக் குறை உள்ள எல்லாருக்கும் எக்சிமா வருவதில்லை, எக்சிமா உள்ள எல்லாருக்கும் இந்தக் குறை இருப்பதும் இல்லை. இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது ஒவ்வாமையால் வரும் வீசிங்கோ ஓயாத தும்மலோ இருந்தால் குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். கர்ப்ப காலத்தில் தாய் எதைத் தின்றாள் என்று விசாரணை நடத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஐந்து வயதுக்குள், அதிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே தலைகாட்டிவிடும். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கை கால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் வரும். டயபர் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்து என்று இடம் மாறும். பாடநூற்படங்கள் காட்டும் இளஞ்சிவப்பு நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படியே தெரிவதில்லை. சாம்பல் பூத்தாற்போலவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சிறு சிறு புடைப்புகளாகவோதான் தெரியும். நாள்பட்டுச் சொறிந்த இடம் தடித்து, கோடுகள் ஆழமாகி, யானைத் தோல்போல் ஆகிவிடும். தடிப்பு ஆறிய பின் சில இடங்கள் வெளுத்தும் சில கறுத்தும் நிற்கும். கன்னத்தில் வரும் வெளிறிய திட்டைத் தேமல் என்று விட்டுவிடுவோரும் உண்டு, வெண்புள்ளியோ என்று தூக்கம் இழப்போரும் உண்டு. எக்சிமா விட்டுச்சென்ற வெளிர்நிறம் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். அந்த நிறத்துக்கென்று தனி மருந்து தேடுவதைவிட அடியிலுள்ள வறட்சியை கவனிப்பது மேல்.

அரிக்கும் தோலெல்லாம் எக்சிமா ஆகாது. வீட்டில் இன்னொருவருக்கும் இரவில் அரிக்கிறது, விரல் இடுக்குகளிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு பருக்கள் இருக்கின்றன என்றால், அது சிறு பூச்சியால் வரும் சிரங்காக இருக்கலாம். அதற்குக் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாகப் படர்ந்து, ஓரம் மட்டும் சிவந்து, நடு வெளுத்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது பூஞ்சை. இவ்விரண்டும் ஒட்டும். எக்சிமா ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், கைகோத்து விளையாடினாலும் ஒட்டாது. இதை ஒருமுறை சொன்னால் போதாது. பள்ளி வாசலிலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

சிகிச்சையின் முதல் வேலை காரை பூசுவது. ஈரப்பதம் காக்கும் கிரீமை நாளுக்கு இரண்டு முறையாவது, தடிப்பு இல்லாத நாள்களிலும், உடல் முழுவதும் பூச வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திய வாரத்துக்கு அடுத்த வாரமே தடிப்பு திரும்பும் கதை பல வீடுகளில் நடக்கிறது. அளவிலும் நாம் கஞ்சத்தனம் காட்டுகிறோம். பரவலான எக்சிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரைகூடத் தேவைப்படும். சின்ன டியூபை இரண்டு மாதம் ஓட்டுவது பூசாததற்குச் சமம். அதனால், விலையுயர்ந்த சிறு குப்பியைவிடக் குடும்பத்தால் ஓயாமல் வாங்க முடிகிற, மணமற்ற, எளிய கிரீமே சிறந்தது என்பது என் கருத்து. டப்பாவில் இருந்தால் சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். விரலை விட்டால் கிருமியும் உள்ளே போகும். தேய்க்காமல், முடி சாயும் திசையில் நீவிவிட வேண்டும். வாசலின் போன்ற கெட்டிக் களிம்பு ஈரத்தை மிக நன்றாகப் பூட்டிவைக்கும் என்றாலும், சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அதைப் பூசினால் பிசுபிசுப்பும் வியர்க்குருவும்தான் மிஞ்சும். கோடையில் கிரீம், மார்கழியில் களிம்பு என்று மாற்றிக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தும்.

குளியலைக் குறைக்க வேண்டியதில்லை, குளிப்பாட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். நாளுக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். சுடுதண்ணீர் அந்த நேரத்தில் அரிப்புக்கு இதமாக இருக்கும். பிறகு இருமடங்கு அரிக்கும். ஆரோக்கியமான தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, சாதாரணக் குளியல் சோப்போ காரம்; காரை உதிர்ந்த சுவரை அது மேலும் அரித்துவிடும். நுரை குறைந்த, மணமற்ற, காரமில்லாத சோப்பை அழுக்குப் படும் இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். பீர்க்கங்காய் நார், கடலை மாவு, பயத்தம் மாவு என்று எதைக் கொண்டும் தேய்க்கக் கூடாது. கைக்குழந்தையின் முடியை உதிர்க்கவென்று மாவு தேய்த்து உருட்டுவது இந்தக் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காயும் முன் மூன்று நிமிடத்துக்குள் கிரீமைப் பூசிவிட வேண்டும்.

எண்ணெய்களைப் பற்றி ஒரு சொல். தேங்காயெண்ணெய்க்குக் கெட்ட பெயர் சூட்ட வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிதமான எக்சிமாவுக்கு மினரல் எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காயெண்ணெய் நன்றாக வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் அப்படியல்ல. உயர்ந்தது என்று நினைத்துப் பலர் வாங்கும் அந்த எண்ணெய் தோலின் தடுப்புச் சுவரைக் கெடுப்பதாக 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடுகெண்ணெயும் எரிச்சலூட்டும். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி ஆகியவற்றை வெடித்த தோலில் அரைத்துப் பூசினால் எரிச்சலோடு ஒவ்வாமையும் சேரக்கூடும்.

காரை மட்டும் பூசி, எரிகிற தீயை அணைக்காமல் விட்டால் பயனில்லை. தடிப்பு எழுந்திருக்கும்போது அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கிரீம் தேவைப்படும். இந்தப் பெயரைக் கேட்டாலே பெற்றோர் பின்வாங்குகிறார்கள், அவர்கள் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. மருத்துவர் பார்க்காமலே மருந்துக் கடையில் கிடைத்த வீரியமான ஸ்டீராய்டும், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே டியூபில் கலந்த களிம்புகளும் நம் நாட்டில் எத்தனையோ முகங்களைக் கெடுத்திருக்கின்றன. 2018-இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். ஆனால் அந்தக் கேட்டுக்குக் காரணம் தவறான வீரியமும் கணக்கில்லாத காலமும். ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானது முதல் குளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையானது வரை ஸ்டீராய்டுகளில் பல படிகள் உண்டு. முகத்துக்கு ஒன்று, தடித்த முழங்காலுக்கு வேறொன்று என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். அவர் சொன்ன நாள்கள் வரை, தோல் வழவழப்பாகும் வரை, பூச வேண்டும். பயந்துபோய் இரண்டு நாள் பொட்டுப் பொட்டாகத் தொட்டு வைத்து நிறுத்தினால் அழற்சி அரைகுறையாக அடங்கி மறுபடி கிளம்பும்; மாதக் கணக்கில் பார்த்தால் அதிக மருந்து செலவாவது அப்போதுதான்.

ஸ்டீராய்டை எவ்வளவு பூசுவது என்பதற்கு விரல்நுனி அளவு என்ற கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை டியூபைப் பிதுக்கினால் வருவது ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தையின் ஒரு கை முழுவதற்கும் இரண்டு அளவு, ஒரு கால் முழுவதற்கும் மூன்று அளவு. ஈரப்பதம் காக்கும் கிரீமுக்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே கால் மணி நேரமாவது இடைவெளி விட்டால் ஒன்றை மற்றொன்று நீர்த்துப்போகச் செய்யாது. கண்ணிமை, கன்னம் போன்ற மெல்லிய தோலில் திரும்பத் திரும்ப வரும் தடிப்புக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பை இரண்டு வயதுக்கு மேல் மருத்துவர் எழுதித் தருவார். முதல் சில நாள் அது எரியும் என்பதை முன்பே சொல்லி வைத்தால் குழந்தை மிரளாது.

உணவுப் பத்தியத்தில்தான் நம் குடும்பங்கள் மிக அதிகமாக அலைக்கழிகின்றன. கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் குழந்தை ரசம் சோற்றோடு நின்றுவிடுகிறது. எக்சிமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பாகக் கடுமையான எக்சிமா உள்ள கைக்குழந்தைகளுக்கு, உணவு ஒவ்வாமையும் சேர்ந்து இருப்பது உண்மை. அது பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதட்டு வீக்கம், உடலெங்கும் திடீர்த் தடிப்பு, வாந்தி என்று வெளிப்படையாகத் தெரியும். அப்படி நடந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்க வேண்டும். மற்றபடி ஊகத்தின் பேரில் பாலையும் முட்டையையும் மாதக் கணக்கில் நிறுத்தினால் வளர்ச்சி குன்றும். அதைவிட முக்கியமாக, உடல் அந்த உணவைப் பழகும் வாய்ப்பையும் இழக்கும். கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை கொடுத்துவந்தால் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று கிடியோன் லேக் தலைமையில் லண்டனில் நடந்த, 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடைந்த தோல் வழியே முதலில் அறிமுகமாகும் உணவை உடல் பகைக்கிறது, வாய் வழியே அறிமுகமாவதை ஏற்கிறது என்பதே இதற்குப் பின்னுள்ள கருத்து. ஆனாலும் கடுமையான எக்சிமா உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். அதுவும் முழுக் கடலையாக அல்ல, புரையேறாதபடி அரைத்துக் கலந்து.

வீட்டில் அரிப்பைக் கிளப்பும் பொருள்கள் குழந்தைக்குக் குழந்தை மாறும். வியர்வையும் கம்பளியும் நைலானும் ஏறக்குறைய எல்லாரையும் படுத்தும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, வாசனைப் பவுடர், துணியில் தங்கிய சோப்புத்தூள் ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலில் வைக்கலாம். தீபாவளிப் புத்தாடையை ஒருமுறை அலசிய பிறகே உடுத்த வேண்டும். தீபாவளியோடு இன்னோர் ஆபத்தும் உண்டு: களிம்பும் கிரீமும் ஊறிய துணி தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். பூசிவிட்ட கையோடு மத்தாப்புப் பக்கமோ குத்துவிளக்குப் பக்கமோ குழந்தையை விடக் கூடாது.

இரவுதான் மிகக் கடினம். கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இல்லாத நேரத்தில் அரிப்பு ஓங்கும், உடலும் வெப்பமாகும். "சொறியாதே" என்று அதட்டுவது இருமலை அடக்கச் சொல்வதற்கு ஒப்பானது. நகத்தை ஒட்ட வெட்டுவது, படுக்கும் முன் கிரீம் பூசுவது, மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை அணிவிப்பது, அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைப்பது, கீறுவதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்தப் பழக்குவது ஆகியவை பயன் தரும். தூக்கம் வரச் செய்யும் பழைய வகை அலர்ஜி சிரப்பை நாள்தோறும் கொடுத்தால் மறுநாள் வகுப்பிலும் அந்த மயக்கம் தொடரும்.

பள்ளி என்று வரும்போது, ஆசிரியர் காண்பது பெரும்பாலும் நோயை அல்ல, அதன் நிழலைத்தான். கவனம் சிதறுகிற, நெளிந்துகொண்டே இருக்கிற, முதல் பாட வேளையிலேயே கொட்டாவி விடுகிற பிள்ளையை அவர் காண்கிறார். அந்தப் பிள்ளை இரவில் நான்கு முறை விழித்ததை அவர் அறியார். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, இது ஒட்டாது என்ற மருத்துவரின் ஒரு பக்கக் கடிதத்தையும் கொடுத்துவிடுவது நல்லது. கேட்க வேண்டியவை சிறியவைதாம்: மின்விசிறிக்கு அருகில், வெயில் விழாத ஓர் இடம், பாலியஸ்டர் சீருடைக்கு உள்ளே பருத்தி பனியன் அணியவும், தடிப்பு மிகுந்த நாள்களில் டையும் இறுக்கமான காலுறையும் இன்றி வரவும் அனுமதி, முழங்காலின் பின்பக்கம் பெஞ்சில் உராயாதபடி விரித்துக்கொள்ள ஒரு துணி, கிரீம் பூச இடைவேளையில் ஐந்து நிமிடம். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்பதை நான் ஒப்பமாட்டேன். ஓடட்டும், முடிந்ததும் வெறும் தண்ணீரில் வியர்வையைக் கழுவி, ஒற்றி, கிரீம் பூசிக்கொள்ளட்டும். நீச்சல் குளத்துக்கும் இதுவே விதி. மதிய உணவுக்கு முன் கைகழுவும் பள்ளிச் சோப்பும், ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பானும் வெடித்த விரல்களை எரிக்கும். வீட்டிலிருந்து மென்மையான சோப்பைச் சிறு குப்பியில் கொடுத்தனுப்பலாம்.

கேலியை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஃபிலாகிரினை விளக்க முடியாது; "என் தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் அரிக்கும், உனக்கு ஒட்டாது" என்று மூன்று துண்டு வாக்கியங்களைச் சொல்லப் பழக்க முடியும். வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு வகுப்பில் வாய் அடைக்காது.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. தேன்நிறப் பொருக்கு, சீழ், திடீரென்று பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவை தோலில் தங்கிய ஸ்டாஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா பெருகிவிட்டதைக் காட்டும். இதைவிடக் கடியது, உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் எக்சிமாத் தோலில் பரவுவது. ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து, ஊசியால் துளையிட்டாற்போல் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் வரும். நம் வீடுகளில் இதை அம்மை என்று எண்ணி வேப்பிலைப் படுக்கையில் கிடத்திவிடும் ஆபத்து இருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே கேடு. உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர்கள் இந்தக் குழந்தைகளை முத்தமிடாமல் இருப்பது நல்லது. அட்டவணைத் தடுப்பூசிகளை எக்சிமா காரணமாகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

களிம்புகளுக்கு அடங்காத கடும் எக்சிமாவுக்கு இப்போது வேறு வழிகளும் உண்டு. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் டூபிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2017-இல் பெரியவர்களுக்கும் 2022-இல் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகள் வரைக்கும் ஒப்புதல் கிடைத்தது. விலை இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவு தூரம் போக நேராது. வளர வளரப் பலருக்குத் தடிப்பு மங்கி, பதின்வயதில் அநேகமாக மறைந்தும்விடும். தோலின் வறட்சி மட்டும் உடன் வரும். அப்படி வளர்ந்த பிள்ளை பின்னாளில் செவிலியராகவோ, முடிதிருத்துநராகவோ, சமையற்கலைஞராகவோ, நாள் முழுவதும் கை நனையும் வேலைக்குப் போனால் கையில் எக்சிமா திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் படிப்பு என்ற பேச்சு வீட்டில் வரும்போது இதையும் ஒரு வரி நினைவூட்டலாம்.